முள் விழட்டும்

இடது பக்கம் இருந்தது பார்த்தது, வலது பக்கம் இருந்தது பார்க்காதது, இல்லை, பார்த்ததைத்தான் வலது பக்கம் நகர்த்தி வைத்தோமா என்று துளசிமணி அந்த எவர்சில்வர் தட்டையே வெறித்துக்கொண்டு நின்றாள். வட்டத் தட்டு. வட்டத்துக்கு ஏது இடமும் வலமும்? கல்யாணமான நாளிலிருந்து தட்டு கழுவுகிறவளுக்கு இந்தச் சின்ன விஷயம் நேற்றுச் சாயங்காலம் உறைக்கவில்லை பாருங்கள். நேற்று அதில் இரண்டு கண்டென்சர் இருந்தன, இப்போது ஒன்றுதான் இருக்கிறது. கட்டைவிரல் பருமனில் ஒரு தகரக் குப்பி, ஒரு முனையிலிருந்து நீளும் ஒற்றைக் கம்பி, பழைய காரின் எஞ்சினில் ஒரே ஒரு திருகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான், ஆனால் அது கைவிட்டால் எத்தனை கம்பீரமான காரும் நடுரோட்டில் நிற்கிற தகரக் கொட்டகைதான். இதன் ஜோடியை அவள் கணவர் நஞ்சப்பன் காலையில், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, மலைக்குப் புதுசாக இருக்கட்டும் என்று எடுத்துத் தன் பச்சை ஃபியட்டில் மாட்டிக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்பிவிட்டார். மாட்டியதோடு போனாரா, மேசையைத் துடைத்திருக்கிறார். மேசையில் தூசி கிடந்தால் அந்த மனுசனுக்குக் காப்பி இறங்காது. தட்டைத் தூக்கி, அடியில் துடைத்து, திரும்ப வைத்திருக்கிறார். எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாரோ. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் "துளசி, நான் கெளம்பறேன் புள்ள" என்று குரல் கேட்டது. முகமெல்லாம் சோப்போடு "பாத்துப் போங்" என்றாள். என்னத்தைப் பார்த்துப் போவது? பார்க்க வேண்டியவள் பார்க்காமல் விட்ட பிறகு.

பார்ப்பது என்றால் சூட்டில் வைத்துப் பார்ப்பது. ஆறிக் கிடக்கும்போது எந்தக் கண்டென்சரும் உத்தமன்தான், மீட்டரை வைத்தால் நான் நல்லவன் என்று சொல்லும். எஞ்சின் சூடேறி, பானட்டுக்குள் அனல் சுழன்று, மலையில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போதுதான் குணம் தெரியும். கெட்டது என்றால் அப்போது கசியும், பொறி செத்துவிடும், வண்டி நின்றுவிடும். இறங்கி, சாமியைத் திட்டி, ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் சூடு ஆறி, ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி எடுத்துவிடும். மெக்கானிக்குகள் கார்புரேட்டரை மாற்றுவார்கள், பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள், ஆகாத பேர்வழி கண்ணு வைத்துவிட்டான் என்று பூசணிக்காய் உடைப்பார்கள். குற்றவாளி குப்பிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். துளசிமணி கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப் மோட்டார் கண்டென்சர் ஃபேக்டரியில் பிலிம் சுற்றும் மெஷினில் தொடங்கி, சோதிக்கும் மேசை வரைக்கும் போனவள். கணவரின் ஃபியட் இரண்டாம் முறை வழியில் நின்றபோது, கடையில் வாங்கிய புதுக் கண்டென்சரை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, உள்ளே இருந்த ஈரக் காகிதச் சுருளைக் கண்டு "இதுக்கு ஒரு டப்பாவா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த டப்பாவையே வைத்துக்கொண்டு, உள்ளே நல்ல பிளாஸ்டிக் பிலிம் கண்டென்சரைப் பொருத்தி, பற்றவைத்து, எபாக்சிப் பசை ஊற்றி அடைத்தாள். அன்றிலிருந்து அந்த வண்டி நிற்கவில்லை. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு தனி ஜாதி, ஒருத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. கோயமுத்தூர், சேலம், பெங்களூர் என்று ஆள் ஆளாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் செய்ய ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் குழிப்பணியாரச் சட்டியில் ஒரு குழிக்கு ஒன்றாக எண்ணெயில் இறக்கி, மலையேறும் எஞ்சின் சூட்டுக்குக் கொண்டுவந்து, மலையேறும் நேரம் அளவுக்கு அப்படியே வைத்திருந்து, கசிவு காட்டும் மெக்கர் மீட்டரின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான், தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு இல்லாதது வீட்டு வாசலைத் தாண்டாது.

தாண்டிவிட்டதே. நேற்று ஒன்றைச் சட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, பொட்டு வைக்கலாம் என்று நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் உள்ளே காய்ந்து கருப்பட்டியாகக் கிடந்தது. சரி, நாளைக்குக் கடைவீதிக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம், இடது பக்கம் இருப்பது பார்த்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தட்டில் வைத்தாள். பிறகு அடுத்ததைச் செய்து வலது பக்கம் வைத்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான், ஊருக்கெல்லாம் பொட்டு வைத்து அனுப்புகிறவள் வீட்டு வண்டிக்கு நெற்றி வெறுமையாக ஒன்றை விட்டு வைத்தாள். அதுவாவது போகட்டும். அந்த இரண்டாவதில் இன்னொன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறாள், நினைப்பு அங்கேதான் வந்து மாட்டுகிறது. அதைப் பற்றவைக்கும்போது முன்னறையில் அவர் இருமினார். வெறும் இருமல். வறட்டு இருமல் ஒன்று, பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் இருமினால் துளசிமணியின் கை நின்றுவிடும், காது மட்டும் நடந்து முன்னறைக்குப் போகும். இன்னொரு இருமல் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, நாற்காலி நகர்கிறதா. நேற்றும் காது போய்விட்டது. கை நின்றது. கையில் இருந்த சால்டரிங் இரும்பும் நின்ற இடத்திலேயே நின்றது. இரும்பு ஒரே இடத்தில் அதிகம் நின்றால் உள்ளே பிலிம் சுருங்கிவிடும், வெளியே தெரியாது, ஆறியபின் மீட்டருக்கும் தெரியாது, எபாக்சி ஊற்றிய பிறகு கடவுளுக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? இருமல் அளவு நேரம். கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரம் போதுமே.

மறுபடி அவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் அலுங்காமல் சொன்னாள். அவளுக்கென்ன, அவள் புருசனா மலையில் போகிறான். பவானிப் பாலத்தைத் தாண்டி, பாக்குத் தோப்புகளைத் தாண்டி, மலை தொடங்கியிருக்கும் இப்போது. வண்டி நின்றால் நிற்கட்டும், வண்டிதானே. நின்றால் இவர் என்ன செய்வார் என்பதுதான் விஷயம். தள்ளுவார். வேறென்ன, கட்டாயம் தள்ளுவார். போன வருசம் நெஞ்சைப் பிளந்து தைத்த ஆள், டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார், நடக்கலாம், மாடி ஏறலாம், கொஞ்ச நாள் கழித்துக் காரும் ஓட்டலாம், ஆனால் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. "என்ற வண்டியையுங்களா டாக்டர்?" என்று கேட்டார் இவர். "உங்க வண்டியத்தான் முக்கியமா தள்ளக் கூடாது" என்றார் டாக்டர், அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. எல்லோரும் சிரித்தார்கள், துளசிமணியும் சிரித்தாள். சிரித்தால் ஆயிற்றா. இந்த மனுசன் இந்த மலைப்பாதையில் அரசாங்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அந்த ரோட்டில் ஓடுகிற டிரைவர், கண்டக்டர் அத்தனை பேரும் இவர் கைக்குள் வளர்ந்த பசங்கள். வளைவில் வண்டியை நிறுத்திக்கொண்டு, பானட்டைத் திறந்து போட்டுக்கொண்டு, கைபிசைந்து நிற்பதை அந்தப் பசங்கள் பார்ப்பதா? அடுத்த பஸ் வளைவு திரும்புவதற்குள் வண்டியை ஓரத்துக்காவது தள்ளிவிடலாம் என்று பார்ப்பார். கதவைத் திறந்து, ஒரு கை ஸ்டியரிங்கில், தோளைக் கொடுத்து. அந்தத் தோளுக்குக் கீழேதான் அந்தத் தழும்பு. நேராக, நடு நெஞ்சில், அவள் தினமும் எண்ணெய் தடவிவிடுகிற தழும்பு. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் பணியாரச் சட்டியை மின்சார அடுப்பில் ஏற்றி, எண்ணெயை ஊற்றி, தட்டில் மிச்சமிருந்த கண்டென்சரைக் குழியில் இறக்கினாள். இறக்கின பிறகுதான் யோசித்தாள், இதனால் என்ன தெரியப்போகிறது என்று. இது சூட்டில் கசிந்தால் இதுதான் பார்க்காதது. அப்படியானால் அவர் கொண்டுபோனது நேற்றுப் பார்த்துத் தேறியது, கவலையில்லை, நூறு மலை ஏறலாம். ஆனால் இது கசியாமல் நின்றால்? நேற்றுப் பார்த்ததே இன்றைக்கும் நிற்கலாம், நல்லது எத்தனை தடவை பார்த்தாலும் நல்லதுதானே. அல்லது பார்க்காததே நல்லதாக அமைந்து நிற்கலாம். நின்றால் ஒன்றும் தெரியாது. விழுந்தால்தான் தெரியும். அப்படியென்றால் இது விழ வேண்டும். துளசிமணிக்குத் தன் நினைப்பே திக்கென்றது. ஃபேக்டரி மேசையிலும் சரி, இந்த அறையிலும் சரி, முள் நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்று தவம் கிடந்தவள், ஆயுளில் முதல் தடவையாக, தன் கையால் செய்தது கெட்டுப்போக வேண்டும் என்று காரமடை ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறாள். ரங்கநாதருக்கே தலை சுற்றியிருக்கும். எண்ணெய் மெல்லச் சூடேறியது. மெக்கரின் கைப்பிடியைச் சுற்றினாள். முள் சட்டென்று ஒரு முறை சரிந்து, கண்டென்சர் நிறைய நிறைய எழுந்து, கடைசிக் கோட்டில் படுத்துக்கிடக்கும் எட்டான முடிவிலிக் குறியின்மேல் போய் நின்றது. நல்லது என்று பொருள். "ஆமா, நீ நல்லவன்தான், தெரியும்" என்று அதனிடம் எரிச்சலாகச் சொல்லிவிட்டு, ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து அதற்குள் சேர்ந்திருந்த கரண்டை இறக்கினாள். டிக் என்று ஒரு பொறி. ஒவ்வொரு தடவையும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பிடித்ததை விடாமல் வைத்துக்கொண்டு அடுத்துத் தொடுகிறவனைப் பதம் பார்க்கும்.

பதம் பார்த்தது, ஒரு தடவை. கல்யாணமான புதிதில். ஃபேக்டரியில் பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு, கண்டென்சரில் கரண்டை ஏற்றி, "இதச் சித்தெ புடி" என்று ஏமாந்தவள் கையில் கொடுப்பது. துளசிமணி ஒரு நாள் கழித்துப்போட்ட கண்டென்சர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் ட்யூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தவரிடம், முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, "ஏனுங், இதப் புடிங்க" என்று நீட்டினாள். அவர் வாங்கினார். துள்ளின துள்ளலில் காப்பி டம்ளர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். துளசிமணிக்கு உயிரே போய்விட்டது, புது மாப்பிள்ளை, இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிப் பழகவில்லை, மாமியார் காதுக்குப் போனால் என்னவாகும். அவர் கையை உதறிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "அடிப் பாவி, இத்தன நாளா ஊமைன்னு நெனச்சனே" என்றார். கல்யாணம் ஆனது அதற்கு முன்னால் ஒரு முகூர்த்தத்தில்தான் என்றாலும், துளசிமணியைக் கேட்டால் கல்யாணம் நடந்தது அன்றைக்குத்தான். கைப்பிடியைச் சுற்றினாள். முள் சரிந்து, ஏறி, நின்றது. விழேன். எண்ணெயில் தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே உருளைக்கிழங்கு மண்டிக்குப் போகிற லாரி ஒன்று தடதடவென்று போனது, தட்டு மேசைமேல் லேசாக நடுங்கியது, லாரி நடுக்கத்தில்கூடத் தட்டு திரும்பியிருக்கலாம், அதை மட்டும் அவர் தலையில் ஏன் கட்டுவது. பாவம், துடைக்கத்தானே செய்தார். துடைக்கிற புருசன் எத்தனை பேருக்கு வாய்க்கிறான்.

போன வருசம் நெஞ்சுவலி வந்த ராத்திரியிலும் அவர் உள்ளதைச் சொல்லவில்லை. வாயு என்றார். ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார், அவள் நம்பித் தூங்கிவிட்டாள், அதுதான், தூங்கிவிட்டாள். விடிந்து பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, மனுசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், எழுப்பவில்லை. ஏனுங்க எழுப்பல என்று கேட்டால், நீ நல்லாத் தூங்கிட்டிருந்த என்கிறார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. அவருக்கு அதில் ஒரே சந்தோசம், பாத்தியா, நான் சொன்னனா, வாயுதான். துளசிமணி மட்டும் நம்பவில்லை. படுத்துக்கிடந்தால் ஒன்றும் தெரியாது, ஆறிக் கிடந்தால் எல்லாம் நல்லதுதான், அது அவளுக்குப் பழைய பாடம். பிறகு ஓடுகிற பெல்ட்டில் ஏற்றி நடக்கவைத்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெஞ்செல்லாம் ஒயரோடு, இடத்தைவிட்டு நகராமல் நடந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். வேகத்தைக் கூட்டினார்கள், மேடாக்கினார்கள், அவர் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மெஷினை நிறுத்துவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவள் இதற்கு நேர்மாறாக வேண்டிக்கொண்டாள், நிற்கட்டும் நிற்கட்டும் என்று. இப்போது விழட்டும் விழட்டும். வேண்டுதல் வேறு வேறு, கேட்பது என்னவோ ஒரே ஆளைத்தான். கைப்பிடியைச் சுற்றினாள். நின்றது. டிக்.

யாருக்காவது போன் போடலாமா. டிப்போவில் யாரிடமாவது சொன்னால் போதும், மேலே போகிற பஸ்ஸில் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான், பச்சைக் கார் நின்றால் இறங்கி ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தள்ளிவிட்டுப் போவான். போனை எடுத்தாள், வைத்தாள். அவருக்குத் தெரிந்தால் முகம் சுருங்கிவிடும். இன்றைக்கு அவர் தனியாகப் போவதே அதற்காகத்தான், நான் தேறிவிட்டேன் என்று அந்த ரோட்டுக்குக் காட்ட. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் சாக்கு. நானும் வர்றனுங்க என்று அவள் கேட்டபோது, "ஒருக்கா தனியாப் போய்ட்டு வந்தர்றேன் புள்ள. நீ பக்கத்துல உக்காந்தா ரோட்டப் பாக்க மாட்ட, என்ற மூஞ்சியவே பாத்துட்டு வருவ" என்றார். உண்மைதான். அந்த மூஞ்சியைத்தான் வருசம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முள்ளைப் பார்க்கிற மாதிரி. மனுசனுக்கு மூச்சு முட்டத்தானே செய்யும். போகட்டும் என்று விட்டாள். விட்டாளே, ஒரு ஸ்பேரையாவது கையில் கொடுத்து விட்டாளா. அதுவும் முடியாது. பழைய கார்க்காரன் எவனும் ஸ்பேர் கண்டென்சர் இல்லாமல் படி தாண்ட மாட்டான், சிலர் இரண்டு வைத்திருப்பார்கள். இவர் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். "உன்ற கையில செஞ்சதுக்கு ஸ்பேர் எடுத்துட்டுப் போனா, உன்ன நம்பலீன்னு ஆயிராதா?" என்பார், கோயில் பிரசாதத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பிரியம் இருக்க வேண்டியதுதான், அதற்காக டூல் பாக்ஸ் வரைக்கும் வர வேண்டுமா. பலாப்பழ சீசன் வேறு. அந்த ரோட்டில் குஞ்சப்பனைப் பக்கம் யானை பழத்துக்கு இறங்குகிற காலம். தள்ளிக்கொண்டிருக்கும்போது பின்னால் யானை வந்து நின்றால்? யானைக்குத் தெரியுமா இவர் நெஞ்சுக்கூட்டைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று. துளசிமணிக்கு இந்த இடத்தில் தன்மீதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பயம் என்று வந்துவிட்டால் ஒரு கண்டென்சரிலிருந்து யானை வரைக்கும் எவ்வளவு லேசாகப் போய்விடுகிறது.

எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வந்து வெகு நேரமாகியிருந்தது. மலையேறும் நேரம் முடிந்து, மலையிறங்கும் நேரமும் முடிந்திருக்கும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே சூட்டை வைத்தாள். இது நியாயமில்லை என்று தெரியும், இந்தச் சூடு எந்த எஞ்சினும் கொடுக்காது, ஆனாலும் வைத்தாள். அதற்கு வலிக்கும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கைப்பிடியைச் சுற்றினாள், தோள் கடுக்கச் சுற்றினாள். முள் சரிந்தது, போ, அப்படியே போ, கீழே போ, என் சாமி, ஒரே ஒரு தடவை, பிறகு ஏறியது. ஏறி, நின்றது. மறு கையால் சுற்றினாள். நின்றது. இத்தனை வருசத்தில் இவ்வளவு அருமையான கண்டென்சரை அவள் பார்த்ததில்லை, இவ்வளவு வெறுத்ததும் இல்லை. கைப்பிடியை விட்டாள். ஒன்றும் தெரியவில்லை, தொடங்கின இடத்திலேயே நிற்கிறாள். பார்க்காததை அவர் கொண்டுபோயிருக்கலாம், கொண்டுபோகாமலும் இருக்கலாம். அந்த இருமல் அளவு நேரம் எங்கேயோ ஒரு மலை வளைவில் சூடேறிக்கொண்டிருக்கலாம். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்தாள். டிக். அப்போது போன் அடித்தது. அவர் பெயர் வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"துளசி? கேக்குதா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்புட்டேன். குஞ்சப்பனைக்கு மேல ஒரு எடத்துல டவர் கெடைக்குது. வண்டிய ஓரமா நிறுத்திப்போட்டு வியூ பாத்துட்டு இருக்கறேன்." பின்னால் காற்று வீசுகிற சத்தம். ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது, யாரோ "என்னண்ணே ஆச்சு?" என்று கத்தினார்கள், அவர் போனை விலக்கிக்கொண்டு "வியூ பாக்கறேன், நீ போப்பா" என்று கத்தியதும் கேட்டது. வியூவாம். தினம் ஏழெட்டு தடவை அந்த வளைவுகளைத் திருப்பின காலத்தில், கீழே ஒரு ஊர் இருப்பதாகவே கண்டுகொள்ளாத ஆள். டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்திப் படம் எடுத்தால், வேலை வெட்டி இல்லாதவனுக என்று ஆரனை அழுத்துகிற ஆள். துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். நின்றுவிட்டது. இருமல் அளவு நேரம் போதுமாக இருந்திருக்கிறது. "என்னுங்க தெரியுது வியூவுல?" என்றாள். "நம்மூரு தெரியுது புள்ள. ஆறு தெரியுது, பாக்குத் தோப்பெல்லாந் தெரியுது." "நம்மூடு தெரியுதுங்களா?" "தெரியற மாதிரிதான் இருக்குது. ஒரு வெள்ள மச்சு தெரியுது, அதுதாம் போல." அவர் குரலில் மூச்சு வாங்குகிறதா என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டாள். வாங்கவில்லை. "பானட்டு சுடுதுங்களா?"  பிடிபட்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, "சுடுது" என்றார். அடுத்ததையும் கேட்டாள். "தள்ளுனீங்களா?"

"இல்ல." அப்புறம் அவராகவே, "எறங்குனேன். கதவத் தெறந்து தோளக்கூடக் குடுத்துட்டேன். பொறவு எடுத்துட்டேன்." துளசிமணி போனை மறு காதுக்கு மாற்றினாள். "பஸ்ஸுப் பசங்க பாத்தாங்களாட்ட இருக்குது?" "பாத்தானுக. மூணு பஸ்ஸு போயிருச்சு. பாத்தாப் பாத்துட்டுப் போறானுக போ. கல்லு மேல உக்காந்துட்டு இருக்கறேன், நீ பயந்துக்காத." இதைச் சொல்ல அந்த மனுசனுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கின நாளில் மாலை போட்டு அனுப்பினார்களே, அந்த மாலையைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவளுக்காக. முன்னொரு நாள் எழுப்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார். "உன்ற கண்டென்சருல ஒண்ணும் இருக்காது, பெட்ரோலுல கசடு வந்திருக்கும்" என்று வேறு சொன்னார். அவள் வாயைத் திறந்தாள், தட்டைப் பற்றி, இடது வலதைப் பற்றி, இருமலைப் பற்றி எல்லாம் சொல்லிவிடலாம் என்று. இருமலைப் பற்றிச் சொன்னால் நாளையிலிருந்து இருமலையும் அடக்கிக்கொள்வார். "இருக்கும், இருக்கும்" என்றாள். "சூடு ஆறுனா எடுத்துரும். ஆனா எடுக்க வேண்டாமுங்க. அங்கியே உக்காருங்க. நான் வர்றேன்." "நீ எதுக்கு புள்ள இந்த வெயிலுல?" "எனக்கும் வியூ பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்தாள்.

அடுப்பை அணைத்தாள். கண்டென்சரை இடுக்கியால் தூக்கி, எண்ணெய் போகத் துடைத்து, பழைய துணியில் சுற்றினாள். துணிக்கு மேலேயும் சுட்டது. அதை ஸ்குரூ டிரைவரோடு மஞ்சப்பையில் போட்டு, ஒரு பாட்டில் தண்ணி, மத்தியான மாத்திரை, காலையில் சுட்டதில் மிஞ்சின இட்லி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். கோத்தகிரி பஸ் கிளம்புகிற நேரம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டபோது அதன் சூடு சேலைக்கு மேல் தெரிந்தது. கண்டக்டர் இளவட்டம், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டான். "குஞ்சப்பனைக்கு மேல ஒரு பச்சக் காரு நிக்கும் தம்பி. அங்க எறக்கி உட்டுருங்க." அவன் டிக்கெட் கிழிக்கிற கையை நிறுத்தினான். "நம்ம நஞ்சப்பண்ணன் வண்டிங்களாக்கா? இப்பத்தான் கீழ எறங்கயில பாத்துட்டு வந்தனுங்க. வண்டி கிண்டி நின்னு போச்சான்னு கேட்டா, இல்ல, வியூ பாக்கறேன்னு சொன்னாருங்க" என்று சந்தேகமாக அவளைப் பார்த்தான். பஸ் கிளம்பி ஆற்றுப் பாலத்தில் ஏறியது. "ஆமா தம்பி, அவரு வியூதான் பாக்கறாரு" என்றாள் துளசிமணி. "தனியாப் பாக்க முடியலீன்னு என்னையும் வரச் சொன்னாரு."